காற்றிலிருந்து மின்சாரம்: கண்காட்சியோடு முடிந்துவிடுகிறதா?



தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாக்களில் ‘காற்றிலிருந்து இலவச மின்சாரம்’ என்னும் தலைப்பைப் பலர் கண்டிருப்பீர்கள். இரண்டு கம்பிச்சுருள்கள், ஒரு சிறு விளக்கு. விளக்கு எரிந்ததும் கைத்தட்டல், பதக்கம், நாளிதழில் படம். பிறகு? அதே மாணவர் ஐந்தாம் படிவம் முடிக்கும்போது வீட்டில் பேசப்படுவது மருத்துவம் ஒன்றுதான்.

உண்மையில் அவ்விளக்கு எரிவது பக்கத்துச் சுருளின் மின்காந்தத் தூண்டலால். காற்றில் பரவும் அலைகளிலிருந்து ஆற்றலை அறுவடை செய்வது வேறொரு துறை. கைப்பேசிக் கோபுரமும் வை-ஃபையும் பரப்பும் அலைகளை ஆன்டெனாவால் பிடித்து, டையோடு வழியாக நேர்த்திசை மின்னோட்டமாக மாற்ற வேண்டும். கிடைப்பது எவ்வளவு? பெரும்பாலான இடங்களில் சில மைக்ரோவாட். அதற்கும் குறைவாகவே பல நேரங்களில். ஒரு மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கைப்பேசிக்கு மின்னேற்றவோ 5 வாட் வேண்டும்! திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். அலை மிகவும் நலிந்திருந்தால் டையோடு சரிவர இயங்காது. ஆகவே ஆய்வாளர்கள் கேட்பது வீட்டுக்கு விளக்கேற்றும் கேள்வியன்று. வெப்பத்தையோ ஈரத்தையோ அளக்கும் ஒரு சிற்றுணரியை மின்கலமின்றி இயக்க முடியுமா என்பதே. ‘இலவச மின்சாரம்’ என்று பலகையில் எழுதவிடும் ஆசிரியர் இக்கணக்கையும் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

வேண்டுமென்றே குவித்து அனுப்பினால் நிலைமை வேறு. 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் வில்லியம் பிரவுன் குழுவினர், நுண்ணலை வழியாக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் 30 கிலோவாட்டுக்கு மேல் பெற்றுக் காட்டினர். அதற்கு அனுப்பும் தட்டே 26 மீட்டர் அகலம். எண்பது ஆண்டு முன்னரே, 1895இல், கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நுண்ணலையைச் சுவர் கடந்து அனுப்பி மணியொலிக்கச் செய்திருந்தார்.

இத்துறை நமக்குத் தொலைவிலும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக மின்பொறியியல் பேராசிரியர் ஹரிகிருஷ்ணன் ராமையா, இத்தகைய நலிந்த அலையிலும் இயங்கும் சில்லுகளை ஆய்ந்து வருபவர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2000இல் இளங்கலை, 2003இல் முதுகலை, 2009இல் முனைவர் பட்டம் பெற்றவர். இடையில் இன்டெல்லில் பொறியாளர் பணியும் உண்டு.

ஒன்பது ஆண்டுகள்! ‘அப்படியானால் எப்போது சம்பாதிப்பது?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை சிறிதுதான், மறைத்துப் பயனில்லை. ஆயினும் மருத்துவத்திற்கு ஆகும் காலத்தையும் செலவையும் நாம் கணக்கிட்டுத்தான் சொல்கிறோமா? அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்று 2003 முதல் வாதாடிய நாம், கற்றவர் எங்கே செல்வது என்று பேசியது மிகக் குறைவு.

பண்டமாரானிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம், நெரிசல் இல்லாத வேளையில், ஏறத்தாழ ஒரு மணிநேரப் பேருந்துப் பயணம். பரிசு வாங்கிய ஆறாமாண்டு மாணவரை, அடுத்த பள்ளி விடுமுறையில், முன்னனுமதி பெற்று அங்குள்ள ஓர் ஆய்வகத்திற்கு அழைத்துச் செல்லலாம். அளவுமானியில் அந்தச் சில மைக்ரோவாட்டை அவர்களே பார்க்கட்டும்.