"சார் இல்லீங்களா?"

டூல்ஸ் பையோடு வாசலில் நின்ற இளைஞர் கேட்ட முதல் கேள்வி இது. கீசர் ரிப்பேர் என்று போன் செய்தது நான். நேரம் குறித்தது நான். கதவைத் திறந்ததும் நான். வீட்டுக் கடனுக்கான மாதத் தவணை போவதும் என் சம்பளக் கணக்கிலிருந்துதான். "நான் இருக்கேன், வாங்க" என்றேன். குளியலறைக்குள் போனார், அண்ணாந்து பார்த்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "டேங்க் போயிருச்சுங்க மேடம். புதுசுதான் மாத்தணும். சார் நம்பர் குடுங்க, நான் பேசிக்கறேன்."

கொடுத்தேன். இருபது வருடமாகப் பெண்ணியம் பேசுகிற நான், யோசிக்காமல் கொடுத்தேன். வெளியூரில் வங்கியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு எங்கள் கீசர் எத்தனை லிட்டர் என்பதே தெரியாது. ஆனாலும் மூன்று நிமிடத்தில் இரண்டு ஆண்களும் பேசி முடித்துவிட்டார்கள். "சார் ஓகே சொல்லிட்டாருங்க. 25 லிட்டர், 9,500 ஆகும்." முடிவு எடுத்தாயிற்று. பணத்தை மட்டும் நான் எடுத்துத் தரவேண்டும்.

வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கோபத்தில் அனுப்பினேன், அறிவால் அல்ல. அவர் சொன்னது பொய்யா மெய்யா என்று சோதிக்க எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரிந்திருக்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவள், தினமும் காலையில் தலைக்கு மேலே தொங்குகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இரண்டு தெரு தள்ளி எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பெரியவரை அழைத்து வந்தேன். என் எதிரில் கழற்றிக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. சிரித்தார். ஆனால் கழற்றினார். மெயினை அணைத்தார், தண்ணீர் வரும் குழாயை மூடினார், டேங்கைக் காலி செய்தார், அடியிலிருந்த வட்டத் தகட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "பாரு கண்ணு" என்று நீட்டினார். சுருளாக இருக்கவேண்டிய எலெமென்ட் வெள்ளைப் பவழப்பாறை போல இருந்தது. டேங்கின் அடியிலிருந்து அரை வாளிக்குச் சுண்ணாம்புச் சில்லு கொட்டியது. டேங்கில் ஓட்டையும் இல்லை, ஒழுகலும் இல்லை.

நாங்கள் இருப்பது சேலத்தில். மேட்டூர்த் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து எலெமென்ட்மேல் படியும். படிந்த உப்பு போர்வை போல மூடிக்கொள்ள, உள்ளேயிருக்கும் சூடு வெளியேற வழியின்றி எலெமென்ட் எரிந்துபோகும். பல மாதங்களாக கீசருக்குள் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படிந்த உப்பின் சத்தம் அது. தாளிக்கும்போது எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் எனக்கு இந்தச் சத்தத்தை வாசிக்கத் தெரியவில்லை. யாரும் கற்றுத்தரவில்லை.

இன்னொரு கம்பியையும் காட்டினார். விரல் தடிமன் இருக்கவேண்டிய மெக்னீசியக் கம்பி, பென்சில் முனை அளவுக்குத் தேய்ந்திருந்தது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் முதலில் அரிக்கப்படுவதற்காகவே உள்ளே வைக்கப்பட்ட கம்பி அது. தண்ணீரின் தன்மையைப் பொறுத்து ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் டேங்க் பிழைக்கும். ஆங்கிலத்தில் இதன் பெயரே தியாக அனோடு. உவமையை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதி முடித்திருப்பீர்கள்.

எலெமென்ட், கம்பி, ரப்பர் கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆயிற்று.

இதை ஒரு மெக்கானிக் என்னை ஏமாற்றப் பார்த்த கதையாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த இளைஞரை நான் பெரிய குற்றவாளியாக நினைக்கவில்லை. விற்றால் அவருக்குக் கமிஷன். யாரிடம் எளிதில் விற்கலாம் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நம் வீடுகள்தான்.

இல்லாள் என்றால் இல்லத்தை ஆள்பவள், ஆண்பாலில் இல்லான் என்றால் ஏதும் இல்லாதவன், பாருங்கள் தமிழ் பெண்ணை எங்கே வைத்திருக்கிறது என்று பட்டிமன்ற மேடைகளில் முழங்குவார்கள். நானும் முதலாண்டு வகுப்பில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இலக்கணத்தில் ஆள்பவள்தான். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் ஆள்கிறாள். மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் என்றொரு பாடம் உண்டு. மனை என்றால் சமையல், சத்துணவு, துணி, குழந்தை. மனையின் சுவருக்குள் ஓடும் கம்பியும் குழாயும் வேறு யாருடைய பாடமோ ஆகிவிட்டது.

1983-இல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலை எழுதினார். வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் பெண்ணின் வேலையைக் குறைத்துவிடவில்லை, விறகு பிளப்பது போன்ற ஆண்களின் வீட்டுவேலையைத்தான் இல்லாமல் செய்தன என்பது அவர் வாதங்களில் ஒன்று. அந்த வாதத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. எங்கள் பாட்டி வீட்டுச் செம்பு பாய்லருக்கு விறகு சுமந்ததும் பாட்டிதான், ஊதியதும் பாட்டிதான். ஆனால் பாட்டிக்கு அந்த பாய்லர் முழுசாகத் தெரியும். சாம்பல் எப்போது தள்ளவேண்டும், புளி போட்டு எப்போது விளக்கவேண்டும், எங்கே ஈயம் பூசவேண்டும் என்பதெல்லாம் அவள் அறிவு. பாய்லர் போய் கீசர் வந்தபோது புகை போனது, நல்லதுதான். கூடவே அந்த அறிவும் போய், அந்த இடத்தில் ஒரு சுவிட்ச் மிஞ்சியது.

பணம் போவது இதில் சின்ன விஷயம். என் சித்தி வீட்டுக் குளியலறையில் குழாயைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். சித்தப்பாவிடம் சொன்னாள். "செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளி" என்றார். நான்கு வருடம் ரப்பர் செருப்போடு குளித்தாள். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, 16 ஆம்பியர் பிளக்கின் தடித்த மேல்முனைக்குப் போகவேண்டிய எர்த் ஒயரை யாரோ வெட்டிச் சுருட்டி வைத்திருந்தார்கள். சித்தி உயிரோடு இருப்பது தற்செயல். கீசரில் லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று பதில் வரும். உயிர் என்னுடையது, அதனால்தான் என்று சொல்லுங்கள்.

கீசரின் பக்கத்தில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துவிடுவதற்காக வைத்தது. அது சொட்டுகிறது என்று அடைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால் டேங்க் வெடிக்கலாம். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டுவது அதைவிட மோசம். சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வருவதே தெரியாமல் விழவேண்டியதுதான். கதவை உள்ளே தாழிட்டு, இருக்கும் ஒரே ஜன்னலையும் சாத்திக்கொண்டு குளிக்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். மானத்துக்காக மூடிய அந்த ஜன்னல்தான் காற்று வரும் வழி.

விடுதியில் இருக்கும் என் மாணவிகளுக்கு ஒன்று. வார்டனுக்குத் தெரியாமல் வாட்டர் ஹீட்டர் ராடு வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே வாளியைத் தொடுங்கள். இரும்பு வாளி வேண்டாம். மாதவிடாய் நாளில் வெந்நீர் கேட்பதை ஆடம்பரம் என்று சொல்லும் நிர்வாகத்தோடு சண்டை போடுவோம், நானும் வருகிறேன். அதுவரை உயிரோடு இருங்கள்.

"இதையும் நாமே பார்க்கணுமா? ஏற்கெனவே முதுகு ஒடியுது" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஸ்பேனரைத் தூக்குவதும் இனி பெண்ணின் கடமை என்று ஆகிவிட்டால் எனக்கும் அது வேண்டாம். நான் சொல்வது வேறு. வேலையை யார் வேண்டுமானாலும் செய்யட்டும், கூலி கொடுப்போம். ஆனால் என்ன பழுது, எதை மாற்றுகிறீர்கள், பழைய பாகத்தைக் காட்டுங்கள் என்று கேட்பவள் நானாக இருக்கவேண்டும். 25 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 2,000 வாட் எலெமென்ட்டுக்கு அரை மணி நேரத்துக்குள், ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும் என்பதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். இதற்குப் பட்டம் தேவைப்படவில்லை. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு இரவெல்லாம் கீசர் ஓடினால்தான் காலையில் வெந்நீர் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

பெரியவர் எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், சமையலறைத் தொட்டிக்கும் ஒரு வெந்நீர் லைன் வேண்டும் என்றேன். "கிச்சனுக்கு எதுக்கு கண்ணு?" என்றார் அவரும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க ஓர் அக்கா வருகிறார். மார்கழி மாதக் காலை ஆறு மணிக்கு அவர் கை விரல்கள் விறைத்துப்போயிருக்கும். நகக்கண்ணில் வெடிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையில் 25 லிட்டர் வெந்நீர் இருந்தது. அதை அவர் பக்கம் கொண்டுவர நானும் ஒருநாளும் நினைத்ததில்லை. சார் நம்பரைக் கொடுத்தது போலவே அதையும் யோசிக்காமல் செய்திருக்கிறேன்.

சுவரில் ஒரு துளை, வெந்நீர் தாங்கும் சிபிவிசி குழாய் 12 அடி, ஒரு டேப். அரை நாள் வேலை. வீடு கட்டி 14 வருடம் ஆகியிருந்தது.