ஒரு இணைப்புக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்



ரஞ்சன்குடி சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும் இந்த வேண்டுகோள். கனெக்‌ஷன் கொடுக்க வரும் ஆள் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து அதன் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு போகிறார். எண்ணும் எழுத்துமாக 12 இலக்கம், நெட்வொர்க் கார்டிலேயே பதிந்து வரும் அடையாளம் அது. அந்த ஒரு கருவிக்கு மட்டும் லைன் திறக்கும்படி அவர்கள் பக்கத்தில் பூட்டிவிடுகிறார்கள். பிறகு சொந்தக் காசில் ரவுட்டர் வாங்கி மாட்டினால் நெட் வராது. கேட்டால், "இன்னொரு சிஸ்டம்னா இன்னொரு லாகின் போடணும்ங்க, அதுக்குத் தனி சார்ஜ்" என்று பதில் வருகிறது. நம்மில் சிலர் அதையும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கட்டாதீர்கள் என்கிறோம். நாம் வாங்குவது வேகமும் டேட்டாவும். 50 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு கம்ப்யூட்டர் ஓடினாலும் நான்கு ஓடினாலும் லைனில் 50-க்கு மேல் போகாது, நான்கும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். ரவுட்டரின் வேலையே அதுதான். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரி கொடுத்துவிட்டு, வெளியே எல்லாவற்றையும் ஒரே முகவரியாகக் காட்டும். டேட்டாவை அதிகம் இழுத்தால் வேகத்தைக் குறைக்க எஃப்யூபி வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் மேலே கம்ப்யூட்டரை எண்ணிக் காசு கேட்பது, ஒரே வெங்காய மூட்டைக்கு மூன்று முறை எடைக்கூலி வாங்குகிற கதை.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற காலமும் போய்விட்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று வந்த வீடுகள் இங்கே உண்டு. கொரோனா ஊரடங்கில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

இப்படிக் கருவிக்குத் தடை போடுவது புதிய வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி தன் லைனில் வெளிக் கருவி எதையும் மாட்டக்கூடாது என்றிருந்தது. லைனுக்குக் கேடு வராத வரையில் சந்தாதாரர் தன் கருவியை மாட்டலாம் என்று 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் தீர்ப்பானது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், எந்த ரவுட்டர் என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்கிறார். இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் தந்த இணையச் சமநிலைப் பரிந்துரையில், பயனாளியின் கருவியை வைத்தும் பாகுபாடு காட்டக்கூடாது என்று இருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலையில் அந்தப் பரிந்துரைகளை ஏற்றது. அது கம்ப்யூட்டர் எண்ணிக்கையை நேரடியாகப் பேசவில்லைதான். ஆனாலும் புகாரில் எடுத்துக்காட்ட நமக்கு அது போதும்.

கம்பெனி பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஒரு கனெக்‌ஷன் வாங்கி நாலு வீட்டுக்கு வாடகைக்கு விடுவது வேறு விஷயம், அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. பாதுகாப்பு பற்றிய கவலையும் நியாயமே. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மெயில், நவி மும்பையில் பாஸ்வேர்டு இல்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகத்தான் போனது. ஆகவே பாஸ்வேர்டு போடுங்கள். டீக்கடையில் வைஃபை விற்க நினைப்பவர்களுக்கு 2020 டிசம்பரில் அனுமதிக்கப்பட்ட பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது, லைசென்ஸ் வேண்டாம்.

ரவுட்டரில் 'மேக் குளோன்' போட்டு, அதாவது கம்ப்யூட்டரின் மேக் முகவரியையே ரவுட்டருக்கும் கொடுத்து, சத்தமில்லாமல் ஓட்டுபவர்கள் பலர். சத்தமில்லாமல் ஓட்டுபவர்கள் பலர். தவறென்று சொல்லமாட்டோம், ஆனால் அடுத்த வீட்டுக்காரர் தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டாவது லாகினுக்குப் பணம் கேட்டால், அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். புகார் மையத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதிலும் முடியாவிட்டால் பெரம்பலூர் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

புகார் எழுதத் தயங்குபவர்கள் பில்லையும் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ரஞ்சன்குடி இணைய இணைப்புதாரர்கள்