நிற்கும் மரத்தை விற்குமுன்

பண முடை நேர்ந்தவுடன் வளவில் நிற்கும் தேக்கையும் வேம்பையும் குத்துமதிப்பாக விற்றுவிடுதல் நம் கமக்காரரிடையே காணப்படும் வழக்கமாகும். பல்லாண்டு வளர்ந்த செல்வத்தை ஒரு நாழிகையிற் கைவிடுதல் தக்கதன்று என்பதே எமது கருத்து.

மரவியாபாரி கண்ணாலேயே கன அடியை மதிக்க வல்லவர். உடையவரோ நூல் பிடித்தும் பார்ப்பதில்லை. அளத்தல் கடினமன்று. 15 அடி நீளமுள்ள அடிமரத்தின் நடுச்சுற்றளவை ஏணி வைத்து அளக்க, 48 அங்குலம் எனக் கொள்க. அதன் காற்பங்கு 12 அங்குலம், அஃதாவது 1 அடி. அதனை அதனாலேயே பெருக்கிப் பின் நீளத்தாற் பெருக்க 15 கன அடி வரும். உருளையாகக் கணித்தாலோ ஏறக்குறைய 19 கன அடியாகும். காற்சுற்றளவுக் கணக்கே ஐந்தில் ஒரு பங்கை வாங்குவோர்க்கு விட்டுக்கொடுக்கின்றது. அதன்மேலும் குத்துமதிப்பில் இழப்பது எதற்கு?

பலாமரத்தை வெட்டுதற்கு 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஏனைய மரங்களை வெட்டுதல், ஏற்றிச் செல்லுதல் பற்றியும் பிரதேச செயலகத்தில் முன்னரே விசாரித்தறிக.

விற்கும் மரங்களுக்குக் குறியிட்டு, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, தொகை, வெட்டி அகற்றுந் தவணை, வேலிக்கும் பயிருக்கும் நேருஞ் சேதத்தின் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் வைத்த பின்னரே கோடரியை வளவினுள் விடுக.