வகை சரி, வரிசை?

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ராபின் மில்னர் 1978இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நிரலாளர்களுக்கு ஒரு வாக்குறுதி தந்தது: வகைச் சோதனையில் தேறிய நிரல், ஓடும்போது தடம்புரளாது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்துச்சரம் வந்து நிற்காது. இதற்குப் பெயர் வகை உறுதி. வகை விதிகள் சரியாக இருந்தால் இந்த உறுதி தானாகக் கிடைத்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கணக்கு எந்த வரிசையில் நடக்கிறது என்பதையும் பொறுத்தது இந்த உறுதி.

வரிசைகளில் முக்கியமானவை இரண்டு. காயை முன்கூட்டியே நறுக்கி வைத்துக்கொண்டு சமைப்பது ஒன்று. கேட்கும்போதெல்லாம் புதிதாக நறுக்குவது இன்னொன்று. முதலாவது மதிப்பால் அழைத்தல், இரண்டாவது பெயரால் அழைத்தல். அலோன்சோ சர்ச் 1940இல் வகுத்த எளிய வகை லாம்டா கால்குலஸில் எந்த வரிசையில் போனாலும் கணக்கு முடியும், விடையும் ஒன்றே. அந்தத் தூய உலகில் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நினைவகத்தில் எழுதி மாற்றும் வசதி வந்ததும் நிலைமை மாறியது. எம்எல் மொழியில் ஒரு பெட்டியை உருவாக்கி, வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் சார்பை அதில் வைப்போம். அந்தச் சார்பு எந்த வகைக்கும் பொருந்தும். எனவே பெட்டியும் எந்த வகைக்கும் பொருந்தும் என்று பொதுமைப்படுத்திவிடுகிறது மில்னரின் விதி. இரண்டாம் வரியில், அதே பெட்டியில் எண்ணோடு ஒன்றைக் கூட்டும் சார்பை வைக்கிறோம். எண்ணுக்கான பெட்டி என்று கொண்டால் சரிதான். மூன்றாம் வரியில் பெட்டியில் இருப்பதை எடுத்து, 'உண்மை' என்ற மதிப்பின்மேல் ஏவுகிறோம். உண்மை–பொய்க்கான பெட்டி என்று கொண்டால் அதுவும் சரிதான். மில்னரின் விதிப்படி மூன்று வரிகளும் சோதனையில் தேறிவிடும். ஓடவிட்டால், 'உண்மை'யோடு ஒன்றைக் கூட்டப் போய் நிரல் விழும்.

எம்எல் மதிப்பால் அழைக்கும் மொழி. பெட்டி ஒரே ஒருமுறைதான் உருவாகிறது. அதையே எல்லா வரிகளும் பகிர்கின்றன. பெயரால் அழைத்தல்போல ஒவ்வொரு பயன்பாட்டிலும் புதிதாகக் கணக்கிட்டிருந்தால், ஆளுக்கொரு பெட்டி கிடைத்திருக்கும், மோதல் இராது. பொதுமைப்படுத்தலைப் பெயர்முறையில் நடத்தினால் உறுதி குலையாது என்று 1993இல் சேவியர் லெருவா காட்டினார். அதே நிரல், அதே வகைகள். வரிசை மாறியதும் தீர்ப்பே மாறிவிட்டது.

இதற்கு எம்எல் எடுத்த முடிவை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்த மொழியின் 1990ஆம் ஆண்டு வரையறை, இத்தகைய பெட்டிகளுக்கென்றே தனி வகை மாறிகளை வைத்துச் சிக்கலாக்கியது. 1995இல் ஆண்ட்ரூ ரைட் எளிய வழி சொன்னார்: கணக்கிட இனி எதுவும் மிச்சமில்லாத கோவைகளை மட்டும் பொதுமைப்படுத்துங்கள். 1997ஆம் ஆண்டின் திருத்திய வரையறை அதை ஏற்றது. குற்றமற்ற சில நிரல்களும் இதனால் தள்ளுபடியாகின்றன. அவற்றைச் சற்று மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. நியாயமான விலைதான்.

ஹாஸ்கல் என்ற மொழியோ தேவைப்படும்போதுதான் கணக்கிடும். ஆனால் கிடைத்த விடையைப் பகிரும். ஆகவே அங்கும் இந்த ஆபத்து உண்டு. பக்கவிளைவுகளைத் தனி வகைக்குள் அடைத்துத் தப்பிக்கிறது அந்த மொழி. அந்த வேலியைத் தாண்ட உதவும் சார்பு வகைப் பாதுகாப்பற்றது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

ஒரு மொழிக்கு வகை உறுதி உண்டு என்று காட்ட, ரைட்டும் மத்தியாஸ் ஃபெலைசனும் 1994இல் வகுத்த நிறுவல் முறையே இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. நிரல் ஒவ்வொரு படியிலும் முட்டி நிற்காமல் நகர்கிறதா, நகர்ந்த பின்னும் அதன் வகை மாறாமல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் அதன் அடிப்படை. 'படி' எது என்று சொல்வதே மதிப்பீட்டு வரிசைதான். வரிசையைச் சொல்லாமல் உறுதியைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆனால் பாடத்திட்டங்களில் வகைகள் ஓர் அத்தியாயம், மதிப்பீட்டு வரிசை வேறோர் அத்தியாயம். இந்தப் பிரிவினையை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். அந்த மூன்று வரி நிரலை முதல் வாரத்திலேயே மாணவர் கையில் கொடுத்து, மில்னரின் பழைய விதிப்படி தேறினாலும் அது ஏன் விழும் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.