நிறம் நீங்கிய நீரும் நீங்காத உப்பும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் களிமண்ணையும் சாயக்கழிவையும் பற்றி எழுதுவானேன் என்று வினவுவோர் இருக்கலாம். காரணம் உண்டு. வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, மொழி திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தார். 'களிமண் சாயத்தை உறிஞ்சுகிறது' என்பது அதன் முதல் தொடர். அவருடைய ஆசிரியர் 'உறிஞ்சுகிறது' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'பரப்பில் பற்றுகிறது' என மாற்றியிருந்தார். உறிஞ்சுவது பஞ்சின் செயல். பற்றுவது கொடியின் செயல். இவ்விரு வினைகளுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று தேடப் புகுந்தவன், நொய்யல் ஆற்றங்கரையில் போய் நின்றேன்.

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்த வழக்கத்தைக் கலித்தொகையில் காண்கிறோம். அங்கு நீரிலிருந்து நீக்கப்படுவது மண். இங்கோ மண்ணே அழுக்கை நீக்கும் பொருளாகி நிற்கிறது. எல்லா மண்ணுக்கும் இவ்வாற்றல் வாய்ப்பதில்லை. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் நம் கரிசல் நிலத்தை எண்ணிப் பாருங்கள். அதன் உப்பலுக்குக் காரணம் மாண்ட்மோரிலோனைட்டு என்னும் களிமக் கனிமம். கட்ச், பார்மர் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் பெண்ட்டோனைட்டு மண்ணிலும் மிகுதியாக இருப்பது இதுவே. ஏட்டுச்சுவடியின் ஓலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களால் ஆனது இக்கனிமம். ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் கனமுடையது. ஒரு கிராம் மண்ணின் தாள்களையெல்லாம் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும் என்பர். அதாவது, ஆறு கிராம் மண்ணுக்குள் ஓர் ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது!

இத்தாள்கள் எதிர் மின்னூட்டம் உடையவை. அதனை ஈடுசெய்யும் பொருட்டுச் சோடியம், கால்சியம் போன்ற நேர் அயனிகள் அடுக்குகளின் இடையே குடியிருக்கின்றன. நேர் மின்னூட்டமுள்ள சாயம் நீரில் வந்தால், அவை வெளியேற, சாயம் அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும். மெத்திலின் நீலம் இத்தகைய சாயமே. நீலக் கரைசலில் சிறிது களிமண்ணை இட்டுக் கலக்கி வடித்தால் நீர் பளிங்குபோல் தெளிகிறது. மாணவரின் ஆய்வேட்டில் இருந்ததும் இந்தச் சோதனைதான். நானும் கண்டு வியந்தேன். என் ஐயமும் அங்குதான் தோன்றிற்று.

பருத்திப் பின்னலாடைக்குப் பெரிதும் பயன்படும் வினைபுரி சாயங்கள் எதிர் மின்னூட்டம் உடையவை. எதிர் மின்னூட்டத் தாள் அவற்றைப் பற்றாது, விலக்கவே செய்யும். அப்படியாயின் மெத்திலின் நீலத்தில் வெற்றி கண்டதைக் கொண்டு சாயப்பட்டறையின் துன்பம் தீர்ந்தது என்று எங்ஙனம் எழுதுவது?

அறிவியலார் இதற்கும் விடை வைத்திருக்கின்றனர். மக்னீசியமும் அலுமினியமும் கலந்த ஹைட்ரோடால்சைட்டு என்னும் மற்றோர் அடுக்குக் கனிமம் உண்டு. அதன் தாள்கள் நேர் மின்னூட்டம் உடையவை. இடையில் தங்குவன எதிர் அயனிகள். இதனை ஆய்வகத்திலும் எளிதில் உருவாக்கலாம். ஏறத்தாழ 500 பாகை வெப்பத்தில் சுட்டால் அதன் அடுக்கு குலைந்துவிடும். சுட்ட பொடியை நீரிலிட்டாலோ, நீரிலுள்ள எதிர் அயனிகளை இழுத்துக்கொண்டு பழைய அடுக்கு மீண்டும் எழும். பழைய வடிவை மறவாத இப்பண்பை 'நினைவு விளைவு' என்றே அவர்கள் அழைக்கின்றனர். கல்லுக்கும் நினைவு உண்டு என்பது தமிழாசிரியனாகிய எனக்குப் பெரிதும் உவப்பான செய்தி.

ஆயினும் சாயத்தொட்டியின் நீர், ஆய்வகத்தின் வாலைவடி நீர் அன்று. சாயம் நூலில் ஏறுவதற்காக லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பிடுகின்றனர். கடல்நீரில் இருப்பதே ஏறத்தாழ 35 கிராம்தான். சாயம் பிணைவதற்குச் சலவைச் சோடாவும் சேர்க்கின்றனர். அச்சோடாவின் கார்பனேட்டு அயனியின்மீது ஹைட்ரோடால்சைட்டுக்குத் தனி விருப்பம் உண்டு. ஆகவே சாயத்துக்கென ஒதுக்கிய இருக்கையில் கார்பனேட்டு முந்தி அமர்ந்துவிடுகிறது. சோதனைக் குப்பியில் கண்ட வெற்றி தொட்டியில் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை.

சாயம் முழுவதும் நீங்கியதாகவே கொள்வோம். கரைந்த உப்பு என்னவாயிற்று? அது நிறமற்றது; கண்ணுக்குப் புலப்படாதது. களிமண் அதனைக் குறைப்பதும் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் கரைநிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததில் சாயத்தைவிட உப்புக்கே பெரும்பங்கு என்பது என் கருத்து. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே கழிவு தேங்கும் குளமாயிற்று. அணைநீருக்காக ஏங்க வேண்டிய உழவர்களே அந்நீர் வேண்டா என்று வழக்காடினர். ஒரு துளிக் கழிவும் ஆற்றில் சேரலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அது நிறைவேறாதது கண்டு, 2011 ஜனவரி இறுதியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவர் குடும்பங்கள் முன்னரே நொந்திருந்தன. இப்போது தொழிலாளர் குடும்பங்களும் நொந்தன. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் நிலைபெற்றன. நீரும் உப்பின் ஒரு பகுதியும் மீட்கப்படுகின்றன. மின்செலவு மிகுதி. எஞ்சிய கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற வினாவும் உடன் நிற்கிறது.

இவ்விடத்தில்தான் களிமண்ணுக்குரிய உண்மையான பணியைக் காண்கிறேன். சவ்வுக்கு முன்னதாகச் சாயத்தை நீக்கிக் கொடுத்தால் சவ்வு விரைவில் அடைபடாது. மீட்கும் உப்பும் நிறமின்றிக் கிடைத்து மறுபடியும் தொட்டிக்குப் போகலாம். அது முன்னோடிப் பணியேயன்றி முழுப்பணி அன்று. மேலும், பற்றிய சாயம் அழிந்துவிடவில்லை. சாயம் ஏறிய மண்ணை ஓடையோரம் கொட்டினால், மழையும் உப்புநீரும் பட்டு அது மீண்டும் கசியக்கூடும். உறுதியாகச் சுட்டு மறுபடி பயன்படுத்துவதா, காப்பான குழியில் இடுவதா என்பதனை ஆய்வேடுகள் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் கூறி முடிப்பது எனக்கு உடன்பாடு அன்று. அச்செலவையும் கணக்கிட்ட பிறகே 'மலிவான முறை' என்னும் அடைமொழியைத் தர வேண்டும்.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் கூறினேன். அவர் ஊரிலேயே சாயப்பட்டறை இருக்கிறதாம். விடுமுறையில் சென்றவர், கறுஞ்சிவப்பு நீர் நிறைந்த ஐந்து லிட்டர் கேனுடன் திரும்பினார். களிமண்ணை இட்டுப் பார்த்தபோது நிறம் சிறிதே குறைந்தது. ஒரு லிட்டரை ஆவியாக்கியபோது கிண்ணத்தில் எஞ்சிய உப்பை நிறுத்து, ஆய்வேட்டில் ஓர் அட்டவணை சேர்த்திருக்கிறார். முதல் தொடரையும் மாற்றிவிட்டார்: 'களிமண் சில சாயங்களைப் பற்றுகிறது, உப்பைப் பற்றுவதில்லை.' அதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.