ஒளிந்து பழகாதே, உரிமையோடு பழகு!

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும் சாலையில், பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். பகலெல்லாம் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றி இறக்கிய கிளீனர் பையன், இருட்டிய பிறகு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பான். டிரைவர் அசந்த நேரத்தில் வண்டி அவன் கைக்கு வந்திருக்கும். அல்லது, டிரைவர் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணிய முதலாளியே கொடுத்திருப்பார். அப்படித்தான் அவன் தொழில் கற்கிறான். லைசென்சு எங்கே என்று கேட்டால், "அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

அந்த "அப்புறம்" பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பையனைக் குறை கூறவா? இல்லை! தொழில் கற்கத் துடிக்கும் பாட்டாளியைக் குறை கூறும் பேனா என்னிடம் இல்லை. அவன் பழகக் கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. மோட்டார் பள்ளியில் பல ஆயிரம் ரூபாய் கொட்டித்தான் பழக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் பழகலாம்; மாமனிடம் பழகலாம்; உடன் வேலை செய்யும் டிரைவரிடமே பழகலாம். சட்டம் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, பழகுநர் லைசென்சு; ஊர் வழக்கில் எல்.எல்.ஆர். இரண்டு, அந்த வண்டிக்குரிய லைசென்சு உள்ளவர், வண்டியை அடக்கவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று, முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பாக "எல்" எழுத்து. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆவது விதி சொல்வது இதுதான். மத்திய சர்க்காரின் கட்டணப் பட்டியல்படி பழகுநர் லைசென்சுக்கு 150 ரூபாய். அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் ஓட்டுத் தேர்வுக்குப் போய் நிற்கலாம்.

இந்தச் சிறு காகிதம் இல்லாமல் வண்டி எடுத்தால் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 5,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியைக் கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு. அது போகட்டும். வளைவில் ஒரு உயிர் போய்விட்டால்? கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரும். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அதற்கு ஐந்தாண்டு வரை தண்டனை. இன்சூரன்சு கம்பெனியோ, "ஓட்டியவனுக்கு லைசென்சு இல்லை" என்று கோர்ட்டில் வாதாடும். நட்ட ஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவது யார்? செத்தவனின் மனைவி! அவளும் நம் வர்க்கம்; ஓட்டியவனும் நம் வர்க்கம்.

எல்.எல்.ஆர். கையில் இருந்தால் நிலைமை வேறு. பழகுநர் லைசென்சும் லைசென்சுதான், அதைக் காட்டிக் கம்பெனி கைவிரிக்க முடியாது என்று 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 200 ரூபாய்க் காகிதம், தோழர்களே, ஓர் ஏழைக் குடும்பத்தின் கேடயம்!

பிறகு ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்கள், மலையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டட்டும். 1976 வரை கல்வராயன் மலை மூன்று சாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் காகிதம் என்றால் அடுத்தவன் எழுதி வைத்துக்கொள்வது. தமக்கு உரிமை தருவதல்ல. சரக்கு வண்டி லைசென்சுக்கு எட்டாம் வகுப்புத் தேற வேண்டும் என்ற விதியும் அவர்களைத் தடுத்தது. அந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. சிறு சரக்கு வண்டிக்கு இலகு ரக லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் உறுதி செய்தனர். கதவு திறந்துவிட்டது, திறந்த சேதி மலை ஏறவில்லை!

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர், கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாராயம் காய்ச்சாதே என்று இளைஞனுக்குப் புத்தி சொல்கிறோம். நல்லது. காய்ச்சாதவனுக்கு என்ன தொழிலை வைத்திருக்கிறோம்? ஸ்டியரிங் பிடிப்பது மானமுள்ள தொழில். அந்தத் தொழிலின் வாசற்படியிலேயே அவனைக் குற்றவாளியாக்கலாமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில், 25 வயதுக்குட்பட்ட பழகுநர் பொதுவாக 120 மணி நேரம் ஓட்டிப் பழகிக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 20 மணி இரவில். சொந்தத் தாய் தந்தையரே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கலாம். வீட்டாரிடம் பழகுவதை அங்கே யாரும் இழிவாகக் கருதுவதில்லை; ஒழுங்குபடுத்திக் கணக்கு வைக்கிறார்கள்.

ஆகவே சர்க்காரை நோக்கி நம் கோரிக்கை: மாதம் ஒருநாள் வெள்ளிமலையில் எல்.எல்.ஆர். முகாம் நடத்துக! ஒரு நாள் கூலியை இழந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வா என்று உழைப்பாளியை அலைக்கழிக்காதே! வண்டி முதலாளிகளுக்குச் சொல்வது: கிளீனர் கூலிக்கு டிரைவர் வேலை வாங்காதீர், லைசென்சு இல்லாதவன் கையில் சாவி கொடுக்காதீர்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு, தோழர்களே! கரியாலூரிலும் சேராப்பட்டிலும் கிளைதோறும் பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர்களின் பட்டியல் எடுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். லைசென்சு உள்ள டிரைவர் தோழர்கள் ஞாயிறுதோறும் ஒருமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பதினெட்டு நிரம்பாத தம்பியிடம், "பொறு" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவன் ஓட்டினால் பெற்றவருக்கும் வண்டிக்காரருக்கும் மூன்றாண்டுச் சிறை வரை காத்திருக்கிறது. அவனுக்கோ 25 வயது வரை லைசென்சு கிடையாது.

சாகீர்தாருக்குப் பயந்து ஒளிந்த காலம் 1976-ஓடு முடிந்தது. அந்த மக்களின் பேரன் போலீசுக்குப் பயந்து இருட்டில் ஏன் ஒளிய வேண்டும்? "எல்" பலகையைக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், நடுச்சாலையில் அவன் பழகட்டும்!