நேரில் வந்து நின்றால் அவர் கடவுளா, மேனேஜரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன் நைட், டேர்டெவில், மிஸ் மார்வெல், லோகி, இந்த நாலு சீரியல் கதையையும் கீழே போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

விஷயம் ஹாஸ்டலில் ஆரம்பித்தது. இன்டர்னல் முடிந்த ராத்திரி, ரூம்மேட் சொன்னான்: "மார்வெல்ல சாமி, மதம் பத்தி உருப்படியா எடுத்தது மூன் நைட் ஒண்ணுதான்டா. அதுலதான் கடவுள் நேர்லயே வர்றாரு." எனக்கு அது சுத்தமாகத் தப்பு என்று பட்டது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்குத்தான் சரியாகப் பேச வரும்? தோற்றுவிட்டுத் தூங்கப் போனேன். அதனால் இங்கே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: கடவுள் நேரில் வருகிற ஷோவில்தான் மதம் இல்லை. அவர் வராத ஷோவில்தான் இருக்கிறது.

மூன் நைட்டையே எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கிய ஆறு எபிசோட். மார்க் ஸ்பெக்டர் என்கிற கூலிப்படை ஆள் எகிப்துப் பாலைவனத்தில் சாகக் கிடக்கிறான். பழைய எகிப்தின் நிலாக் கடவுள் கோன்ஷு, பறவை மண்டையோட்டுத் தலையோடு வந்து பேரம் பேசுகிறார். உயிர் தருகிறேன், பதிலுக்கு எனக்கு வேலை செய். இது வரமா? எனக்கு ஆஃபர் லெட்டர் மாதிரிதான் தெரிந்தது. டிரஸ் கம்பெனியே கொடுக்கும், எல்லாம் நைட் ஷிஃப்ட், பாண்ட் எத்தனை வருஷம் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. கடைசி எபிசோடில் மார்க்கையும், அவனுக்குள்ளேயே இருக்கும் ஸ்டீவனையும் கோன்ஷு விடுவித்துவிடுகிறார். அப்பாடா என்று உட்கார்ந்தால், கிரெடிட்ஸ் ஓடும்போது தெரிகிறது, அவனுக்குள் ஜேக் லாக்லி என்று மூன்றாவதாக ஒருத்தன் இருக்கிறான், அவனை ரிலீவ் பண்ணவே இல்லை. பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கிற நமக்கு இதைவிடப் பயங்கரமான சீன் மார்வெலில் கிடையாது.

மார்க் ஒரு தடவைகூட கோன்ஷுவைக் கும்பிடுவதில்லை. திட்டுகிறான், கெஞ்சுகிறான், பேரம் பேசுகிறான். கீசா பிரமிடுக்குள் மற்றக் கடவுள்கள் ஆளுக்கொரு மனித உடம்பு வழியாக வந்து கூடுகிறார்கள். கோன்ஷு புகார் கொடுக்கிறார், எதிர்த்தரப்பு மறுக்கிறது, புகார் தள்ளுபடி. சாட்சாத் டிசிப்ளினரி கமிட்டி. நேரில் நிற்கிறவரை எதற்காக நம்ப வேண்டும், சொல்லுங்கள்? நம்ம எச்.ஓ.டி. இருக்கிறார் என்று நாம் நம்புவதில்லை. அவர் ரவுண்ட்ஸ் வருகிறார், அவ்வளவுதான்.

அந்த ஷோவில் நிஜமான பக்தன் வில்லன்தான். ஈதன் ஹாக் நடித்த ஆர்தர் ஹாரோ. முதல் காட்சியிலேயே கண்ணாடி டம்ளரை உடைத்து, அந்தத் துண்டுகளைச் செருப்புக்குள் கொட்டி, போட்டுக்கொண்டு நடக்கிறான். தீ மிதிக்கிற, அலகு குத்துகிற ஊரில் இருந்து பார்க்கிற நமக்கு அந்த நடை புரியும். அவன் கும்பிடும் அம்மிட் அப்போது கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். பழைய எகிப்திய நம்பிக்கைப்படி, செத்த பிறகுதான் மனிதனின் இதயத்தை மாஅத்தின் இறகோடு தராசில் வைத்து நிறுப்பார்கள். எடை தப்பினால் அம்மிட் தின்றுவிடுவாள். இந்த ஷோவின் அம்மிட்டோ, தப்பு செய்வதற்கு முன்னாடியே தண்டனை கொடுக்கிற கட்சி. அவள் கல்லுக்குள் இருந்தவரை ஹாரோவிடம் ஒரு பயங்கரமான விசுவாசம் இருந்தது. வெளியே வந்ததும் அவள் பார்த்துச் சொல்வது, உன் தராசே சமமாக இல்லையே என்று. பரவாயில்லை, வேலைக்கு இரு என்கிறாள். அந்த நிமிஷம் பக்தன் போய் ஸ்டாஃப் ஆகிவிட்டான்.

சரி, மூன் நைட்டில் மதமே இல்லையா என்றால், ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அங்கே கோன்ஷு இல்லை. ஐந்தாவது எபிசோட். மார்க் ஒரு யூதன். சின்ன வயதில் தம்பி தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போக, அம்மா பழியை இவன்மேல் போட்டு வருஷக்கணக்காக வதைத்தவள். அவள் செத்ததும் வீட்டில் ஷிவா நடக்கிறது. யூதர்கள் ஏழு நாள் துக்கம் காக்கும் சடங்கு அது. மார்க் தெருவில் நிற்கிறான். உள்ளே போக முடியவில்லை. தலையில் வைக்கும் சின்னக் குல்லாவைத் தரையில் அடிக்கிறான். அப்புறம் அதையே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுகிறான். மொத்தமே கொஞ்ச நேரம்தான் வரும்.

நான் இதை நிறுத்தி நிறுத்தி மூணு தடவை பார்த்தேன். காரணம் இருக்கிறது. ஃபர்ஸ்ட் இயரில் எங்க தாத்தா தவறிவிட்டார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, நான் பிடிக்க மாட்டேன் என்றேன். பெரியப்பா ஒன்றுமே சொல்லவில்லை. சித்தப்பா பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தான், பந்தம் அவன் கையில் ஆடியது. நான் கேட் பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் அதை என் கொள்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க் தெருவில் நின்றதைப் பார்த்த பிறகுதான், நான் அன்றைக்கு மறுத்தது சாமியையா, தாத்தாவையா என்று சந்தேகம் வந்தது. இன்றைக்கும் எனக்குப் பெரிதாக நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பந்தத்தைப் பிடித்திருக்கலாம்.

இப்போது டேர்டெவில். 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மாட் மர்டாக், கண் தெரியாத வக்கீல், கத்தோலிக்கன். முதல் எபிசோடின் ஆரம்பத்திலேயே பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு முழுக்க பாக்ஸரான அவன் அப்பாவைப் பற்றி. கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான், செய்ததற்கு இல்லை, இனிமேல் செய்யப் போவதற்கு. ஃபாதர் லாண்டம் குழம்பிப்போகிறார், அப்படி அட்வான்ஸாகக் கொடுக்க முடியாதே! அம்மிட் முன்கூட்டியே தண்டனை கொடுக்கிறாள், மாட் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறான். ரெண்டும் ஒரே யுனிவர்ஸ். ஆனால் ஒன்று மான்ஸ்டர் படம், இன்னொன்று நம்ம எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அரியர் எழுதப் போகிற அன்றைக்குப் பிள்ளையாரிடம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூணு சீசனிலும் கடவுள் அவனுக்கு ஒரு பதிலும் சொல்வதில்லை. 2018இல் வந்த மூணாவது சீசனில் மாட் அவர்மேல் கொலைக் கோபத்தில் இருக்கிறான், பைபிளின் யோபுவை இழுத்துச் சண்டை போடுகிறான். அப்போதும் பேசுவது ஒரு கன்னியாஸ்திரீதான், மேலே இருந்து சத்தமே இல்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஒரு உறவு வேண்டும் இல்லையா? கோன்ஷுமேல் மார்க்குக்கு வருவது வெறும் எரிச்சல். மாட்டுக்கு வருவது, சாப்பிடாமல் படுத்துக்கொள்கிற மாதிரியான கோபம்.

மிஸ் மார்வெலில் இன்னும் எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. ஜெர்சி சிட்டி பள்ளிவாசலுக்குத் தொழப் போன இடத்தில் நாகியாவின் விலை உயர்ந்த ஷூவை யாரோ அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எந்த மதம் என்று பார்க்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற எல்லாருக்கும் தெரிந்த துயரம். பெண்கள் தொழும் பக்கம் பராமரிப்பு இல்லாமல் கிடக்கிறது என்று அவள் பள்ளிவாசல் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறாள். அவள் மதத்தை விட்டு ஓடவும் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை. ஓட்டுக் கேட்கிறாள். எந்த சூப்பர்ஹீரோ சீரியலிலும் நான் பார்த்திராத காட்சி அது. ஆனால் அதே சீரியல் ஜின்களைக் கொண்டுவந்துவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே அவர்கள் நூர் என்ற வேறு உலகத்து ஆட்கள் என்று விளக்கம் கொடுத்துவிடுகிறது. எதற்கு? யாரும் கேட்கவே இல்லையே.

இது மார்வெலின் பழைய பழக்கம். இன்றைக்குப் பெரும்பாலும் யாரும் கும்பிடாத கடவுள் என்றால் தைரியமாக உருவம் கொடுப்பார்கள், அப்புறம் அவரும் ஒரு வகை ஏலியன்தான் என்பார்கள். 2013இல் வந்த ரெண்டாவது தோர் படத்தில் ஓடினே, நாம் கடவுள்கள் இல்லை, நமக்கும் சாவு உண்டு என்று மகனிடம் சொல்கிறார். கும்பிடுகிற கடவுள் என்றால் பம்முவார்கள். நம்ம ஊரும் சளைத்தது இல்லை. பிளாக் பேந்தரில் ஜபாரி மலைவாசிகள் கும்பிடுவது அனுமனை. 2018இல் இந்தியத் தியேட்டர்களில் அந்தப் பெயரை மட்டும் மியூட் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அனுமனுக்கே கோபம் வந்திருக்காது, சென்சாருக்கு வந்துவிட்டது.

ரூம்மேட் இப்போது குறுக்கே வருவான்: "அப்ப லோகி?" நியாயமான கேள்வி. 2021இல் முதல் சீசன். டி.வி.ஏ. என்கிற ஆபீஸில் எல்லாரும் மூணு காலக் காவலர்களை நம்பி வேலை செய்கிறார்கள். தங்களைப் படைத்ததே அவர்கள்தான் என்று நம்புகிறார்கள். அவர்கள் காப்பாற்றும் காலக்கோட்டுக்குப் பெயரே புனிதக் காலக்கோடு. நாலாவது எபிசோடில் சில்வி ஒரு காவலரின் தலையை வெட்டுகிறாள், தலை உருண்டு வருகிறது, உள்ளே மெஷின். அதோடு விட்டிருந்தால் சாதாரண நாத்திக ஜோக். ஆனால் அதற்கு அப்புறம்தான் விஷயமே. சாமி பொம்மை என்று தெரிந்த மறுநாள் ஆபீஸுக்கு வந்து என்ன செய்வார்கள்? பி-15 தான் இதுவரை அழித்த உயிர்களை நினைத்து உடைந்துபோகிறாள். ஜெனரல் டாக்ஸோ ரெண்டாவது சீசனில் பழைய வெறியோடு காலக்கிளைகள்மேல் குண்டு போடுகிறாள். சாமி போய்விட்டது, சாமி பெயரில் அடிக்கிற கை மட்டும் மிச்சம். செய்தி பார்க்கிற யாருக்கும் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியது இல்லை.

2023 நவம்பரில் வந்த முடிவில், நம்மைக் கடவுளே என்று கூப்பிடு என்று ஊரெல்லாம் அலட்டிய லோகி, டெம்போரல் லூம் என்ற எந்திரத்தைச் சரிசெய்ய நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்து ஃபிஸிக்ஸ் படிக்கிறான். நமக்கு எட்டு செமஸ்டருக்கே நாக்கு தள்ளுகிறது. படித்து முடித்தால், முடிவே இல்லாத கிளைகளுக்கு அந்த எந்திரம் தாங்காது, டிசைனே அப்படி என்று தெரிகிறது. எந்திரத்தை உடைத்துவிட்டு, காலத்தின் கிளைகளைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடுகிறான். இனி அவன் யார் முன்னாலும் போய் நிற்க முடியாது. கீழே கோடிக்கணக்கான பேர் காபி குடிக்கிறார்கள், பஸ் பிடிக்கிறார்கள், அப்படி ஒருத்தன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதை ரூம்மேட்டிடம் வாசித்துக் காட்டினேன். "கடைசில லோகி பத்தி நீ சொல்றதும் என் பாயின்ட்தானே?" என்றான். இல்லைடா என்று ஆரம்பித்தேன். மறுபடியும் மணி ரெண்டு ஆகிவிட்டது.